கருவி வந்தால் போதுமா?



நமக்கு அண்மையிலுள்ள பாகூரில் பல்லவர் காலத்திலேயே வடமொழிக் கல்லூரி ஒன்று இருந்ததைச் செப்பேடு கூறும். அதன் வாயில் நம் முன்னோர்க்குத் திறந்ததில்லை. அடைத்த கதவின் வேதனையை அறிந்த நாம், காது கேளாத, கண் தெரியாத நம் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே இருத்திவிடலாமா?

எம் பள்ளியில் பயின்ற சிறுவன் ஒருவனுக்குக் காதொலிக் கருவி கிடைத்தது. சில திங்களில் அது பரணேறிற்று. காரணம் என்ன? குழந்தை வளர வளரக் காதில் பொருத்தும் அச்சு சிறிதாகிவிடும். இடைவெளி வழியே ஒலி கசிந்து கருவி கீச்சிடும். அச்சை மாற்றினால் போதும். இதனை அவன் தாயும் அறியார். ஆசிரியராகிய யாமும் அறிந்திலோம். தவறு எம்முடையதே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாத மாணவர்க்கு 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் விலையின்றி வழங்கப் பணிக்கிறது. கருவியைக் கேட்டுப் பெறலாம். கையாளும் பயிற்சியையோ நாமே தேடிச் செல்லவேண்டும். சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான நடுவணரசு நிறுவனம் 2005இல் தோன்றியது. ஆசிரியரும் பெற்றோரும் அங்குப் பயிற்சி பெறலாம்.

கூலிக்குச் செல்லும் தாய்க்கு ஒரு நாள் பயிற்சி என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு. அதனைக் கழகம் ஈடுசெய்யட்டும். இளைஞர்களே, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அத்தாயுடன் ஒருவர் துணை செல்லுங்கள். கற்றதை அடுத்த வீட்டிற்கும் சொல்லுங்கள். நாம் பெற்ற கல்வியின் பயன் அதுவே.