முன்பல் இழப்பும் வளரும் தாடையும்



குழந்தைப் பல் மருத்துவர், பல்லுக்குக் கம்பி கட்டுபவர், செயற்கைப் பல் பொருத்துபவர், ஈறு மருத்துவர் ஆகிய நால்வரும் ஒரே அரங்கில் அமர்ந்து, விழுந்துபோன ஒரு முன்பல்லைப் பற்றிப் பேசுவது நம்மிடையே அரிது. எட்டு வயதில் பல்லை இழந்த பிள்ளை, இருபது வயதைத் தாண்டுவதற்குள் இந்த நால்வரிடமும் தனித்தனியே போய் வந்துவிடுகிறது. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்தபோது நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான்: வளரும் வயதில் நாம் எதைச் செய்தாலும், அந்தப் பிள்ளை பெரியவரானதும் இதைவிட நல்ல சிகிச்சை பெறும் வழியை அது அடைத்துவிடக் கூடாது.

மேல்வரிசையின் நடு வெட்டுப்பற்கள் ஏழு எட்டு வயதில் முளைக்கின்றன. ஓடுவதும் சைக்கிள் பழகுவதும் அதே வயதில்தான். அடி முதலில் படுவது இந்த இரண்டு பற்களின் மேல். எத்துப்பல் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழுந்த பல்லுக்கு மாற்று தேடுமுன், விழுந்த பல்லையே திரும்ப வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்த மாற்றுப்பல்லை எந்த ஆய்வுக்கூடமும் செய்ததில்லை. வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும்; மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசிவிட்டு, தேய்க்காமல், அதே குழியில் செருக வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நார்த்திசுவின் உயிரணுக்கள், உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கிடந்தாலே பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது; உள்ளே இருக்கும் நிலைப்பல் முளைக்குக் கேடு. பால்பல் விழுந்தால் கூரைமேல் எறியத் தெரிந்த ஊர்களில், நிலைப்பல் விழுந்தால் பாலில் போட்டு எடுத்துவரவும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம். ஒவ்வொரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் இது தெரியும்வரை நம் வேலை பாதிதான்.

பல் கிடைக்கவில்லை, அல்லது வைத்த பல் நிலைக்கவில்லை என்றால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்க்ரூ பல் வைத்துவிடலாமா?" என்பது. அவர்களின் தவிப்பு நியாயமானது. விடை மட்டும், இப்போது வேண்டாம் என்பதே. டைட்டானியம் எலும்போடு இணைகிறது என்பதை நிறுவிய பிரோனெமார்க், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1965இல் முதல் நோயாளிக்கு இந்த ஸ்க்ரூ பல்லை, அதாவது இம்ப்ளான்டை, வைத்தார். வளரும் வயதினருக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே நகரிலிருந்து தீலாண்டர் குழுவினரே தெளிவாகக் காட்டினார்கள். இயற்கைப் பல் தாடையின் வளர்ச்சியோடு கீழிறங்கி இடம் மாறிக்கொண்டே வருகிறது. இம்ப்ளான்டுக்கு அந்த அசைவு கிடையாது. சுற்றிலும் தரை உயர, நட்ட கல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, அது பின்தங்கிவிடும். பக்கத்துப் பற்களைவிடக் குட்டையாகத் தெரியும். ஈறின் கோடும் ஏறுமாறாகும். வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. வளர்ச்சி நின்றதை இடைவெளி விட்டெடுத்த எக்ஸ்-ரே படங்களை ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். வளர்ந்தவர்களின் பற்களிலும் மெல்லிய நகர்வு தொடர்கிறது என்பதால், இருபதிலும் நான் அவசரப்பட மாட்டேன்.

அப்படியானால் எட்டு வயதிலிருந்து இருபது வரை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நம் கருத்தரங்கின் கனமான பகுதி இதுதான். வெறும் இடைவெளியை விட்டுவைத்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். எலும்பும் மெலியும். த, ந ஒலிகளுக்கு நாக்கு தொடுவதும், வ ஒலிக்குக் கீழுதடு தேடுவதும் மேல் முன்பல்லையே. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொடக்கத்தில் கழற்றி மாட்டும் பல் போதும். வளர வளர அதை மாற்றிச் செய்ய வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கு என் முதல் தேர்வு ஒட்டுப் பாலம். பக்கத்துப் பல்லைச் செதுக்காமல், அதன் பின்புறத்தில் மெல்லிய இறக்கையை ரெசினால் ஒட்டி, செயற்கைப் பல்லைத் தாங்கவைப்பது. 1955இல் புவோனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கிக் காட்டியதால் வந்த வாய்ப்பு இது. 1973இல் ரோஷெட் துளையிட்ட உலோக இறக்கையை ஒட்டினார். பிறகு மேரிலண்ட் பல்கலைக்கழகத்தார் அதை மேம்படுத்தினார்கள். இருபுறமும் இறக்கை வைப்பதே பாதுகாப்பு என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து கெர்ன், சாசே இருவரும் 2011இல் வெளியிட்ட பீங்கான் பாலங்களின் பத்தாண்டு முடிவில், இரட்டை இறக்கை சுமார் 74 விழுக்காடும் ஒற்றை இறக்கை சுமார் 94 விழுக்காடும் நிலைத்திருந்தன. காரணம் எளியது. கடிக்கும்போது இரு பற்களும் ஒரே மாதிரி அசைவதில்லை. இரண்டையும் பூட்டினால் ஒரு பக்கம் பெயர்கிறது அல்லது இணைப்பு உடைகிறது. உலோக இறக்கை ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்தால் மறுபக்கம் பிடித்திருப்பதால் யாருக்கும் தெரியாது. அடியில் சொத்தை வளரும். ஒற்றை இறக்கைப் பாலத்தை ஒரு சிறிய ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். அப்படியிருந்தும் நம் அரசு மருத்துவமனைகளில் ஏழைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் தட்டு மட்டுமே என்பது எனக்கு மிகுந்த வருத்தம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளோரைடு கறைபடிந்த எனாமலில் அமிலம் வழக்கம்போல் வேலை செய்வதில்லை. அங்கே ஒட்டும் முறையைத் தனியே ஆராய வேண்டும். அந்த மாவட்டங்களில் பணிபுரிவோர் தங்கள் அனுபவத்தை இங்கே விரிவாகச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வழி நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. பல் நெருக்கத்துக்காகக் கம்பி கட்டும்போது முன்கடைவாய்ப்பல்லை எடுத்து எறிகிறோமே, அதையே முன்பல் குழியில் நடுவது. வேர் முக்கால் பங்கு வளர்ந்து, நுனி இன்னும் மூடாத பருவத்தில் நட வேண்டும். ஆஸ்லோவில் இடம் மாற்றி நட்ட பற்களை 17 முதல் 41 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பத்தில் ஒன்பது வாயில் இருந்ததாக 2002இல் எழுதினார்கள். உயிருள்ள பல் என்பதால் அது தாடையோடு வளர்கிறது, எலும்பையும் வளர்க்கிறது. கம்பி கட்டுபவரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் இது நடக்கும்.

பிறவியிலேயே பற்கள் முளைக்காத பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. சிந்து நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பற்கள் குறைந்த ஒரு குடும்பத்தைப் பற்றி டார்வின் தம் நூல் ஒன்றில் எழுதியிருக்கிறார். வியர்வைச் சுரப்பியும் முடியும் குறைந்த எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா அது என்று இன்று கருதுகிறோம். இவர்களுக்கு மூன்று நான்கு வயதிலேயே பல்செட் தரலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடையின் முன்பகுதியில் மட்டும் இம்ப்ளான்டுக்கு விதிவிலக்கு உண்டு.

பெரியவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிற்பகல் அமர்வுகள் முழுவதும் அவர்களுக்கே. முன்பல்லின் வெளிப்புற எலும்பு பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. பல்லைப் பிடுங்கும்போதே அந்த எலும்பைக் காப்பது பற்றி யோசிக்க வேண்டும். ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களின் தலைப்பகுதியைப் பாதிக்கும் மேல் ராவிக் கேப் போடும் பழக்கத்தை, குறிப்பாக இளைஞர்களிடம், கைவிட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். இன்னும் கொடியது, படிப்பில்லாதவர்கள் சிலர் அக்ரிலிக் மாவை வாயிலேயே குழைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடும் கட்டுப்பல். பல் துலக்க முடியாமல் ஈறு அழுகி, தாங்கிய பற்களும் ஆடத் தொடங்கிய பிறகே நோயாளிகள் நம்மிடம் வருகிறார்கள். அவர்களைத் திட்டி அனுப்புவதில் பயனில்லை. நூறு இருநூறு ரூபாயில் அங்கே போனவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வோம்.

இந்த இரண்டு நாளில் இரண்டு காரியங்கள் முடிய வேண்டும் என்பது என் விருப்பம். பள்ளிகளில் ஒட்டுவதற்கு, பல் விழுந்தால் செய்ய வேண்டியதைப் படங்களோடு சொல்லும் ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பு. நான்கு துறையினரும் எழுதி நிரப்ப, பிள்ளையோடு கூடவே போகும் ஒரு சிகிச்சைக் குறிப்பேடு. இரண்டின் வரைவுகளும் உங்கள் பைகளில் இருக்கின்றன. திருத்தங்களை நாளை மதியத்துக்குள் எழுதிக் கொடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, விழுந்த பல்லை மீண்டும் நடுவது பற்றிய முதல் கட்டுரையை வாசிக்க அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.