கருவியும் பரிணாமமும்



ஆப்பிரிக்காவின் பூர்வ சரித்திரத்தை வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டோர் பலர் இச்சபையில் வீற்றிருக்கவும், தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த நிர்வாகக் குழுவினருக்கு என் வந்தனம். ஆப்பிரிக்கத் தொழில்நுட்பம், மனிதப் பரிணாமத்தின் எதிர்காலம் என்று நம் விஷயம் இரு கூறாகத் தோன்றினும், அவ்விரண்டையும் பிணைப்பது, கற்றதைப் பிறருக்குக் கைமாற்றும் சக்தியே என்பது என் துணிபு.

கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமேக்வி என்னுமிடத்தில் கிடைத்து 2015-இல் அறிவிக்கப்பட்ட கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. நம் ஹோமோ பேரினத்தைச் சேர்ந்ததென இதுவரை கூறப்பட்டுள்ள மிகப் பழைய எலும்போ, எத்தியோப்பியாவின் லெடி-கெராருவில் கண்டெடுத்த 28 லட்சம் ஆண்டுத் தாடைதான். ஆகவே, மனிதன் தோன்றிய பின்னரே கருவி தோன்றிற்று என்ற பழைய கொள்கை ஆட்டங்கண்டு, கல்லை உடைக்கப் பழகிய பழக்கமே நம் கையையும் மூளையையும் உருவாக்குவதில் பங்கு கொண்டிருக்கலாம் என்று கருத இடம் ஏற்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் குகைவாசிகள் சுமார் 72,000 ஆண்டுகளுக்கு முன்பே சில்கிரீட் கல்லை நெருப்பில் பதமாகச் சூடேற்றிய பிறகே செதுக்கினர். அந்நாட்டின் சிபுடு குகையில் வாழ்ந்தோர் மரப்பிசினையும் காவிக்கல் பொடியையும் கலந்து, கொதித்துக் குமிழி விடாமல் அனலருகே பக்குவம் பார்த்து, கல்முனையைக் காம்பில் ஒட்டினர். கண்பார்த்துக் கைபழகிக் குருவிடம் கற்றாலன்றி இத்தகைய வித்தை தலைமுறை தாண்டி நிலைத்திருக்க முடியாது.

வித்தையின் விளைவு இரத்தத்திலும் இறங்குவதுண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் கால்நடை வளர்ப்புப் பரவிய சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், வயது வந்த பின்னும் பாலைச் சீரணிக்கும் மரபணு மாற்றங்கள், ஐரோப்பியருடையவற்றினின்று வேறானவையாய், அம்மக்களிடையே பெருகின என்று 2007-இல் மரபியலாளர் சாரா டிஷ்காஃப் குழுவினர் நிரூபித்தனர்.

இனி வருங்காலம். அரிவாள் வடிவ இரத்தச் சோகையின் மரபணு, பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவினின்று காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் வாதையாகும். இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளுள் முக்கால் பங்கினர்க்கு மேல் ஆப்பிரிக்காவிலேயே பிறக்கின்றனர். மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதியளித்த நாடுகளுள் பிரிட்டனும் அமெரிக்காவும் அடங்கும்; அமெரிக்காவில் அப்போது அறிவிக்கப்பட்ட அதன் விலையோ 22 லட்சம் டாலர். தவிரவும், அச்சிகிச்சை இரத்தத்தை ஆக்கும் உயிரணுக்களையே திருத்துவதால், அதன் பயன் நோயாளியோடு நின்றுவிடும், சந்ததிக்குச் செல்லாது. பால் சீரணிக்கும் ஆற்றலை இயற்கை கைமாற்றியது. இச்சிகிச்சையைக் கைமாற்றும் கடமை சமுதாயத்தையே சாரும்.

அதற்கான திறமை ஆப்பிரிக்காவில் இல்லை என்பார்க்கு ஒரு சான்று: 2020 மார்ச்சில், ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாகக் கொரோனா வைரஸின் மரபணுத் தொடரைக் கண்டறிந்தது, நைஜீரியாவின் ஏடே நகரத்து ரிடீமர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையமே. ஆதலால், புதிய சிகிச்சைகள் ஆப்பிரிக்க ஆய்வுக்கூடங்களிலேயே உருவாகவும், அங்குள்ள இளைஞர் அவற்றைப் பயிலவும் வழி யாது என்பதை இம்மாநாட்டின் அமர்வுகள்தோறும் விவாதிக்குமாறு வேண்டி, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.