மீட்டவருக்கு என்ன உரிமை?



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். பண்டிதரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பௌத்தத்திலிருந்தோ 'தமிழன்' இதழிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 1891இல் திராவிட மகாஜன சபை நீலகிரியில் நிறைவேற்றிய தீர்மானங்களில், பொதுக் குளங்களிலும் கிணறுகளிலும் நம் மக்கள் தடையின்றித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். இவை இரண்டும் தண்ணீரை எடுக்கும் உரிமைக்கான குரல்கள். அதன் தொடர்ச்சியாக ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அந்தத் தண்ணீர் வருகிற ஓடையைத் தூர்வாரி, முள்ளை அகற்றி, கரை கட்டி, மரம் நட்டவர்களுக்கு அந்த ஓடையில் என்ன உரிமை?

நான் குடகனாற்றுச் சமவெளியைச் சேர்ந்தவள். பழனி மலைச் சரிவில் பிறந்து, ஆத்தூர் காமராசர் அணையில் தேங்கி, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணைக்கு வந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிற ஆறு அது. 1977 வெள்ளத்தில் அழகாபுரி அணையே உடைந்தது. அப்படிப் பாய்ந்த ஆறு இன்று ஆண்டில் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. அதற்கு வந்து சேருகிற சிற்றோடைகளின் கதி இன்னும் மோசம்.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்போது சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நூறு நாள் வேலை என்றுதான் எல்லோருக்கும் அது தெரியும். என் அம்மாவின் வேலை அட்டையில் என் பெயரும் இருந்தது. வரத்து வாய்க்காலும் ஓடைக்கரையும்தான் எங்களுக்கு அதிகம் கிடைத்த வேலைகள். ஆண்கள் நாலைந்து பேர் வந்தால் பெரிது. மற்ற எல்லோரும் பெண்கள்.

'நூறு நாள் வேலைன்னா மரத்தடியில உக்காந்துட்டு வர்றதுதானே' என்று கேலி பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சீமைக் கருவேலத்தை வெட்டுவது பெரிதில்லை, சாகடிப்பதுதான் பெரிது. மேலாக அரிவாளை வீசினால் அடிக்கட்டை அப்படியே இருக்கும். 'ஏத்தா, மேலோட்டமா வெட்டாத. அடுத்த மழைக்கு ஒன்னு நாலாக் கெளம்பும்' என்பார் எங்கள் குழுவின் மூத்த அம்மா. மண்ணைப் பறித்து, வேர் பிரிகிற இடத்துக்குக் கீழே கடப்பாரை போட்டுத் தூரோடு எடுக்க வேண்டும். அப்படியும் கரை முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்கக் கூடாது. கெட்ட மரமானாலும் அந்த நேரத்தில் கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். மாற்று வேர் பிடிக்கும்வரை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாற்று எது என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரியும். தண்ணீர் உரசுகிற விளிம்பில் நாணலும் கோரையும். அதற்கு மேலே நொச்சிப் போத்து. மழை தொடங்கும்போது ஒடித்து ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே புங்கை, நாவல், நீர்மருது. அரிக்கிற வளைவில் குச்சிகளை அறைந்து, மிலாறுகளைப் பின்னிப் படல் கட்டினால், வெள்ளம் வேகம் தணிந்து வண்டலை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அந்த வண்டலில் புல் முளைக்கும். புல் வந்தால் தவளை வரும், தவளை வந்தால் கொக்கு வரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது. எங்கள் அம்மாக்கள் இடுப்பளவு பள்ளத்தில் நின்று தெரிந்துகொண்டார்கள்.

ஜேசிபி இதை எதையும் கேட்பதில்லை. ஓடையின் வளைவை நேராக்கும், கரையைச் செங்குத்தாகச் சீவும், நாணலையும் கோரையையும் குப்பையென்று வாரிப் போடும். அடுத்த ஐப்பசி மழையில் அந்தக் கரை பொத்தென்று சரிந்து ஓடைக்குள்ளேயே விழும். பிறகு மறுபடி தூர்வார வேண்டும், மறுபடி பில் எழுத வேண்டும்.

இந்த உழைப்பு நமக்குப் புதிதல்ல. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம்மவர்களே. நள்ளிரவில் மடை திறந்ததும், கடைமடை வரை பங்கு பிரித்துவிட்டதும் அவர்கள். கூலி, களத்தில் அளந்த நெல். தமக்கு நிலம் இல்லாததால் அவர்கள் ஓரவஞ்சனை இல்லாமல் தண்ணீர் பிரிப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கு நாம் கொடுத்த விலை நிலமின்மை.

1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களை அதிகாரி அழைக்கலாம், அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்றது அது. வெள்ளம் வந்தால் எல்லோர் வயலும்தான் முழுகும். ஆனால் கரைக்கு மண் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் உழைக்கும் வகுப்பார் மட்டும். ஊரே கூடிச் செய்த குடிமராமத்து என்று இன்று மேடைகளில் புகழப்படுவதை இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி விடுதலைக்குப் பிந்தைய கணக்கு. 2000ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்யும் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நில உடைமையாளர்தான் உறுப்பினர். 2017இல் குடிமராமத்துத் திட்டம் புத்துயிர் பெற்றபோது வேலைகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தான் ஆயக்கட்டுதாரர். ஓடையை உயிர்ப்பித்த பெண்ணுக்கு அதில் ஒரு சென்ட் இல்லையென்றால், அந்த ஓடை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலியும் இல்லை.

கூலியிலாவது சமம் இருந்ததா? 2021-22 நிதியாண்டில், பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என மூன்று கணக்காகப் பிரித்துக் கூலி அனுப்பும் முறையை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. ஒரே கரையில் ஒரே நாளில் மண் சுமந்தவர்களில் ஒரு சாராருக்குப் பணம் வந்தது, இன்னொரு சாராருக்கு வரவில்லை என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. தண்ணீருக்குள் இல்லாத கோடு வங்கிக் கணக்குக்குள் வந்தது. 2023 சனவரி முதல் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்தால்தான் வருகைப் பதிவு என்ற விதி வந்தது. சிக்னல் இல்லாத ஓடைப் பள்ளத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவள், வரவே இல்லாதவள் ஆகிவிடலாம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். அளவு குறைந்தால் அதுவும் முழுதாக வராது.

திண்டுக்கல்லுக்கு வந்து ஓடையைப் பற்றிப் பேசிவிட்டுத் தோல் பதனிடும் தொழிலைப் பேசாமல் போக முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்குள்ள தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி அந்தத் தீர்ப்பின் வழியே இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது. தோல் ஊறும் தொட்டியில் இறங்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததும் நம் தெருக்கள். பிறகு உப்புப் பூத்த ஓடையில் மம்பட்டியோடு இறங்கியதும் நாமே.

ஆகவே நான் கேட்கிறேன். கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்பது சட்டமானால், மீட்டவர் பெற வேண்டும் என்பது ஏன் சட்டமாகவில்லை?

பெற வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கரையில் நட்டு வளர்த்த மரத்தின் காயும் பூவும் விறகும் நட்ட குழுவுக்குச் சேர வேண்டும். கண்மாய் மீன் குத்தகையில் அவர்களுக்கு முதல் உரிமை வேண்டும். நீர்ச் சங்கங்களில் நிலமில்லாத உழைப்பாளிக்கு வாக்கும் பதவியும் வேண்டும். எந்த வளைவை விட வேண்டும், எந்த மரத்தை முதலில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களைத் திட்டம் போடும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். 1892 ஆணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கெல்லாம் கைமாறிக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் அதை மீட்டுத் தர வேண்டும். நிலம் இல்லாதவனுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது காட்சி. நிலம் உள்ளவனுக்கு அது விளைச்சல்.

எழுத்தாளர்கள் கூடியிருக்கும் அவை இது. சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயையும் அதைக் காத்தவர்களையும் நாவலாக்கியது. 2019இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. ஆனால் நம் காலத்து நூறு நாள் வேலைக் குழு, அதன் பேச்சு, கிண்டல், சண்டை, கஞ்சித் தூக்கு, காலில் ஒடிந்த கருவேல முள், இவையெல்லாம் நம் எழுத்தில் இன்னும் போதுமான அளவு வரவில்லை. நமக்கு இழைக்கப்பட்ட அவமானத்தை எழுதினோம், அது தேவை. நம்மிடம் இருக்கும் அறிவையும் எழுத வேண்டும். அது எழுதப்படாமல் போனால், நாளைக்கு ஒரு திட்ட அறிக்கை 'நொச்சிப் போத்து முறை' என்று வேறு யாரோ பெயரில் வெளிவரும்.

வேலை முடிந்ததும் ஓடையோரம் ஒரு பலகை நடுவார்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நாள் எல்லாம் அதில் இருக்கும். எத்தனை மனித நாள் என்றுகூட எழுதியிருக்கும். மனிதர்களின் பெயர் இருக்காது. அந்தப் பெயர்களை எழுதுகிற வேலையை இந்த மன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.