பூட்டுள்ள பேசியும் பூட்டற்ற பேசியும்

பொருளொன்றை விலை கொடுத்து வாங்கியவன் அதனைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமையுடையவன் என்பது உலக வழக்கு. ஆனால், கைத்தொலைபேசியைப் பொறுத்தவரையில் இவ்வழக்கு எல்லா இடத்தும் செல்லுபடியாவதில்லை.

அமெரிக்காவிலே 2011ஆம் ஆண்டு ஐபோன் 4எஸ் என்னும் பேசி விற்பனைக்கு வந்தது. தொலைபேசிச் சேவை நிறுவனத்துடன் ஈராண்டு ஒப்பந்தம் செய்தவர் அதனை 199 டொலருக்குப் பெற்றார். ஒப்பந்தமும் பூட்டும் இன்றி வாங்கியவரோ 649 டொலர் கொடுத்தார். இடையிலுள்ள 450 டொலரும் ஒப்பந்தக்காரருக்கு இலாபம் போலத் தோன்றும். உண்மையில் அத்தொகை மாதக் கட்டணத்துள் மறைந்திருந்தது. 24 மாதங்களுக்குப் பங்கிட்டால், மாதமொன்றுக்கு 18 டொலர் 75 சதம். ஈராண்டு கழிந்த பின்னும் அதே பேசியை வைத்திருந்தவர், குறையாத அதே கட்டணத்தையே செலுத்தி வந்தார். 2013இல் ரி-மொபைல் நிறுவனம் பேசியின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் வெவ்வேறாகப் பிரித்தபோது இக்கணக்கு வெளிப்படையாயிற்று.

இனி, பூட்டு என்பது யாது? ஒவ்வொரு சிம் அட்டையிலும் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும் எண் பதிந்துள்ளது. இலங்கைக்குரிய எண் 413. பூட்டுள்ள பேசி, தன்னை விற்ற நிறுவனத்தின் எண்ணைக் காணாவிடின் அந்த அட்டையை ஏற்க மறுத்துவிடும். கடல் கடந்து வாழும் உறவினர் அன்போடு கொண்டுவந்த பேசி, சில வேளைகளில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அழைப்புக்கு உதவாது கிடப்பதும் இதனாலேயே.

அமெரிக்காவில் 2013 ஜனவரி தொடக்கம், நிறுவனத்தின் அனுமதியின்றிப் புதிய பேசியின் பூட்டைத் திறப்பது சட்டவிரோதமாயிற்று. இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு முறையிட்டனர். 2014 ஆகஸ்ட் 1ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அத்தடையை நீக்கிற்று. கனடா 2017 டிசெம்பரிலும், பிரித்தானியா 2021 டிசெம்பரிலும் பூட்டிய பேசிகளை விற்பதையே நிறுத்தின.

முழு விலையையும் ஒரே முறையிற் கொடுக்க இயலாதவருக்குத் தவணை முறை கைகொடுக்கும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பேசி வாங்குவோர் மூன்று வினாக்களை முன்னரே கேட்டுக்கொள்ளல் நன்று. பூட்டு உண்டா? பழைய பேசியாயின், முன்னவர் தவணை முழுவதையும் தீர்த்தாரா? நம் ஊர் அலைவரிசைகளுக்கு அது இசையுமா? முதலிற் கொடுக்கும் பணத்தை மட்டும் எண்ணாது, ஒப்பந்தம் முடியும்வரை கொடுக்கும் பணம் அனைத்தையும் கூட்டிப் பார்த்து வாங்குவதே அறிவுடைமையாகும்.