பிரதம நியாயாதிபதி ரென்குவிஸ்டும் அவர் விட்டுச் சென்றவையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரதம நியாயாதிபதி ஒருவரைப் பற்றி நாம் இங்கே பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நம் தேசத்து அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவிலே காணும் "சட்டங்களின் சமமான பாதுகாப்பு" என்னும் வாசகம், அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தினின்றும் வந்ததாகும். வாசகத்தைக் கடன்கொண்ட நாம், அதற்குப் பொருள் கூறிய நியாயாதிபதிகளின் வரலாற்றையும் அறிதல் நலம். வக்கீல் பரீட்சைக்குப் படிக்கும் நம் வாலிபர்க்கு இஃது இன்னும் அவசியம்.

வில்லியம் ரென்குவிஸ்டு 1924-ம் வருஷம் மில்வாக்கி நகரிற் பிறந்தவர். ஸ்டான்போர்டு கலாசாலையில் சட்டம் பயின்று முதல்வராகத் தேறி, ராபர்ட் ஜாக்ஸன் என்னும் சுப்ரீம் கோர்ட்டு நியாயாதிபதியிடம் உதவியாளராக அமர்ந்தார். வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் வைப்பது செல்லுமா என்ற வழக்கு அப்போது கோர்ட்டின் முன் இருந்தது. பிரித்து வைப்பதை அனுமதித்த 1896-ம் வருஷத்துத் தீர்ப்பே சரியானது என்று அவர் 1952-ல் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அது ஜாக்ஸனுடைய கருத்தேயன்றித் தம்முடையதன்று என்று பின்னாளில் இருமுறை செனட் சபைக்குத் தெரிவித்தார். பலர் அதை நம்பவில்லை. 1954-ல் கோர்ட்டு ஒருமனதாக அப்பள்ளிப் பிரிவினை செல்லாதென்றது. பிறப்பினால் ஒதுக்கப்பட்ட துயரை அறிந்த எவரும் அக்குறிப்பை எளிதில் மறவார். நாமும் அதை மறைத்துப் பேச விரும்பவில்லை.

ஜனாதிபதி நிக்ஸனால் நியமிக்கப்பட்டு 1972-ல் அவர் சுப்ரீம் கோர்ட்டில் அமர்ந்தார். கர்ப்பச் சிதைவு பற்றிய 1973-ம் வருஷத்து ரோ வழக்கில் எழுவர் ஒரு பக்கம் நிற்க, மாறுபட்ட இருவரில் அவர் ஒருவர். பல வழக்குகளில் அவர் முற்றுந் தனியராகவே மாறுபட்டு எழுதினார். அவருடைய உதவியாளர்கள் தனிப் போர்வீரன் பொம்மை ஒன்றை அவருக்குப் பரிசளித்து வேடிக்கை செய்தனர். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவரைப் பிரதம நியாயாதிபதி ஆக்கியபோது, செனட்டில் 65 பேர் ஆதரித்தனர். 33 பேர் எதிர்த்தனர். வழக்குகளைக் காலங்கடத்தாமல் நடத்துவதிலும், எல்லோர்க்கும் சமமாகப் பேச இடந்தருவதிலும் அவரை மாற்றுக் கொள்கையினரும் பாராட்டினர்.

மத்திய சர்க்காரின் அதிகாரத்திற்கு எல்லையுண்டு, ராஜ்யங்களின் உரிமையிற் கைவைத்தலாகாது என்பதே அவர்தம் நெடுநாட் கொள்கை. பள்ளிக்கூடத்தருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்தியச் சட்டத்தை 1995-ல் லோபஸ் வழக்கில் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் அவர் கோர்ட்டு தள்ளியது. பலாத்காரத்திற்கு ஆளான பெண்கள் மத்திய கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் 2000-ல் அதே கணக்கில் வீழ்ந்தது. கொள்கை வென்றது, எளியோர் சிலர் ஒரு துணையை இழந்தனர்.

இனி அவ்வருஷத்தின் வேறிரு தீர்ப்புகளை ஒருங்கே வைத்து நோக்குவோம். காவலில் அகப்பட்டவனைப் போலீஸார் விசாரிக்குமுன், அவன் பேசாதிருக்கலாம் என்றும், வக்கீலின் உதவி பெறலாம் என்றும் அறிவித்தல் வேண்டும் என்பது 1966-ம் வருஷத்து மிராண்டா தீர்ப்பு. ரென்குவிஸ்டு அதைப் பல்லாண்டுகள் குறுக்கி வந்தவர். அதைத் தகர்க்க அந்நாட்டுச் சட்டசபை 1968-ல் செய்த சட்டம் 2000-ம் வருஷம் ஜூன் மாதம் தீர்ப்புக்கு வந்தது. அவரே அச்சட்டம் செல்லாதென்று எழுதி, மிராண்டாவை நிலைநிறுத்தினார். எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். தமக்குப் பிடிக்காத தீர்ப்பாயினும், தேசத்தின் வழக்கத்தில் ஊறிவிட்டதைத் தள்ள அவர் ஒருப்படவில்லை.

ஆறு மாதம் செல்வதற்குள் ஜனாதிபதி தேர்தல் வழக்கு வந்தது. புளோரிடாவில் புஷ்ஷுக்கும் கோருக்கும் இடையே அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 537 வோட்டுகள். அந்த ராஜ்யத்தின் கோர்ட்டு மறுபடி எண்ண உத்தரவிட்டது. ராஜ்யங்களின் உரிமை பேசிய ரென்குவிஸ்டும் மற்ற நால்வரும் அதைத் தடுத்தனர். அதற்குக் காட்டிய பிரதான ஆதாரமோ, அவர் பெரும்பாலும் சுருக்கியே பொருள் கொண்டு வந்த அந்தச் சமமான பாதுகாப்பு வாசகம்! அவரிடமும் நியாயம் இருந்ததென்பர் சிலர். ஜனாதிபதி யார் என்பது முடிவாகும்வரை நாடு காத்திருக்க இயலாது என்பர். ஆயினும், கொள்கை தம் பக்கத்தாருக்கு இடையூறாக வந்தபோது அது கைவிடப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

2005-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பதவியிலிருக்கும்போதே அவர் காலமானார். அவருடைய பழைய உதவியாளர் ஜான் ராபர்ட்ஸ் அவ்விடத்தை ஏற்றார். இருவராய் நின்று 1973-ல் சொன்ன மறுப்பு, 2022-ல் ரோ தீர்ப்பையே நீக்கிய பெரும்பான்மையாயிற்று. தனித்து நிற்பவன் எழுதி வைப்பது வீண்போவதில்லை. இது நல்லவர்க்கும் பொருந்தும், அல்லாதார்க்கும் பொருந்தும். ஆதலின் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நம் வாலிபர்களே! நாளை நீங்கள் நியாயாசனம் ஏறினாலும், நம் சங்கத்துப் பஞ்சாயத்தில் அமர்ந்தாலும், உங்கள் கொள்கை உங்கள் சொந்த ஜனத்துக்கே பாதகமாக வரும் நாள் ஒன்று வரும். அன்று நீங்கள் செய்வதைக் கொண்டே உலகம் உங்களை நிறுக்கும். ஜூன் மாதத்து ரென்குவிஸ்டைப் பின்பற்றுக. டிஸம்பர் மாதத்து ரென்குவிஸ்டை நினைவில் வைத்து அஞ்சுக.