ஆப்பின் கோணம்

மரம் பிளக்கும் எண்ணெய் அழுத்தப் பொறியைத் தாமே அமைக்க முற்படுவோர் உருளையின் வலிமையையே எண்ணுகின்றனர். ஆப்பைக் கொல்லரின் ஊகத்திற்கு விட்டுவிடுகின்றனர். இது முறையன்று. 10 செ.மீ. உள்விட்டமுள்ள உருளையில் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம் தந்தால் ஏறத்தாழ 11.8 டன் விசை கிடைக்கும். உராய்வை நீக்கி மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 30 பாகை ஆப்பு பக்கந்தோறும் அவ்விசையை 1.87 மடங்காக்கும்; 60 பாகை ஆப்போ 0.87 மடங்காகக் குறைத்துவிடும்.

ஆயினும் மெல்லிய ஆப்பு மட்டும் போதாது. குமாவோன் மலைகளில் விறகாகும் கருவாலியின் முடிச்சுக் கட்டையில் அது சிக்கிக்கொள்ளும். முனை குறுங்கோணமாகவும், பின்புறம் அகன்ற தோள்களாகவும் அமைதல் நன்று. விளிம்பிற்குக் கத்தியின் கூர்மை வேண்டியதில்லை. தொடங்கிய பிளவு ஆப்புக்கு முன்னே ஓடும்.

கட்டையைக் கையாற் பிடிக்க இடந்தரலாகாது. இரு கைகளும் இரு நெம்புகோல்களை அழுத்தினாலன்றி உந்துதண்டு நகராதவாறு பொறியை அமைத்தல் வேண்டும்.