நம் நெஞ்சை யார் வினவுவது?

(கோவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நிலத்தை அளக்கக் கோல் உண்டு. கூலத்தை அளக்க நம் கொங்கு நாட்டில் வள்ளம் உண்டு. நெஞ்சை அளக்க என்ன உண்டு? வினா ஒன்றே உண்டு. அவ் வினாவை ஆக்குவோர் யார், எம் மொழியில் ஆக்குகின்றனர், யாரைக் கேட்கின்றனர் என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய அது தள்ளிப்போய், 2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025-இல் அறிவிக்கப்பெற்றது. சாதியும் அதிற் பதியப்பெறும் என்றனர். ஆனால் அச் சாதியைப் பற்றி உன் உள்ளம் என்ன எண்ணுகின்றது என்று அது கேளாது. அதனைக் கேட்கும் ஆய்வுகள் வேறு. 1981-இல் ஐரோப்பாவில் முளைத்த உலக விழுமிய ஆய்வு, 1990 முதல் இந்தியாவிலும் நடைபெற்றது. அமெரிக்கப் பியூ ஆய்வு நடுவம் 2019 நவம்பர் 17 தொடங்கி 2020 மார்ச்சு 23 முடிய, 17 மொழிகளில் 29,999 பேரை நேரிற் கண்டு வினவி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டது.

நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு முப்பதாயிரம் பேரின் விடை போதுமோ என்று கேட்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ! ஆனால் அப் பழமொழி, ஒரே தீயில் ஒரே சீராக வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். நம் குமுகாயம் அவ்வாறு வெந்ததன்று. ஒருபால் குழைந்தும் ஒருபால் அரிசியாகவும் கிடக்கும் பானை இது. எனவே எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்பதை ஆய்வாளனின் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் முறையில் எடுத்தல் வேண்டும். தாளில் இஃது எளிது. காலால் நடக்கும்போதுதான் கடினம் தெரியும்.

நான் ஆசிரியனாக இருந்தபோது 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் பணிக்குச் சென்றவன். ஊரைவிட்டு ஒதுங்கிய தோட்டத்துச் சாளை ஒன்று. வாசலில் இரண்டு நாய்கள். வெயிலோ கொடுமை. நான் உட்புகாமல், பக்கத்துத் தோட்டத்தாரிடமே அவ் வீட்டுச் செய்திகளைக் கேட்டெழுதிக்கொண்டு திரும்பினேன். தலைக்கணக்கில் அத் தவறு ஓரளவு மறைந்துபோகும். நெஞ்சக் கணக்கிலோ, என் நெஞ்சில் உள்ளதைப் பக்கத்துத் தோட்டத்தார் சொல்லிவிட முடியுமா? இதுபோலவே ஊர்த்தெருவை முடித்துவிட்டு, வளவுக்குப் போகாமல் திரும்புகின்றவர் உண்டு. திருப்பூரில் விடுதிகளில் அடைந்து கிடக்கும் தொழிலாளர், 'குடும்பம்' என்னும் சொல்லுக்குள் வராமையால் கணக்கிலேயே வாரார். இவ்வாறு விடுபட்டோர் எல்லாரும் எளியவர் என்பதைக் கருதிப் பாருங்கள்!

வீட்டிற்குள் சென்றபின் வேறொரு தடை. அகவை வந்தோர் பெயர்களை வரிசைப்படுத்தி, அவருள் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து வினவ வேண்டும் என்பது முறை. பெயர் வீட்டுப் பெண்ணுக்கு விழுந்தால் கணவர் முன்வந்து, "அவளுக்கு என்னங்க தெரியும், என்னைக் கேளுங்க" என்பார். அவரை விலக்கி அப்பெண்ணைத் தனியே கேட்க வேண்டுமாயின், கேட்பவரும் பெண்ணாகவே இருத்தல் வேண்டும். மாமியார் திண்ணையில் இருக்கும்போது மருமகள் சொல்லும் விடை மாமியாரின் விடையே.

இனி மொழிக்கு வருவோம். இவ் வினாக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பிறந்து, பின்னர்த் தமிழுக்குப் பெயர்க்கப்பெறுகின்றன. பெயர்த்ததை மற்றொருவரைக் கொண்டு ஆங்கிலத்திற்கு மீட்டும் பெயர்த்துப் பார்ப்பர். சொல் ஒத்துவரும், பொருள் ஒத்துவரும் என்று யார் உறுதி கூறுவார்? "இறைவனை நம்புகின்றீர்களா?" என்று கேட்டால் நம் சிற்றூர் மூதாட்டி, "ஆமாங்க" என்பார். அவர் நெஞ்சில் நிற்பது மாகாளியம்மனும் கருப்பராயனும் அண்ணன்மாரும். கேட்டவர் எண்ணியது வேறு. மேலும், நம் பக்கத்து "சரிங்க" என்பது 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்னும் பொருளையும் தரும். அதனை 'உடன்படுகின்றேன்' என்று எழுதிக்கொண்டால், கொங்கு மக்கள் எதற்கும் உடன்படுவோர் ஆகிவிடுவர்!

வினாவைத் தேர்வதிலும் ஓர் ஆளுமை இருக்கின்றது. உண்மை இந்தியராதற்கு இந்தி பேசுதல் மிக இன்றியமையாதது என இந்துக்களுள் 59 விழுக்காட்டினர் சொன்னதாகப் பியூ ஆய்வு கூறிற்று. உண்மைத் தமிழராதற்கு எது வேண்டும் என்று கேட்டு ஒரு விழுக்காடு எடுத்தவர் உண்டோ? கேளாத வினாவுக்கு விடை இல்லை. விடை இல்லாதது நாளடைவில் இல்லாததாகவே ஆகிவிடும்.

ஆயினும் தோழர்களே, குறையனைத்தையும் அயலார்மேற் சுமத்திவிட்டு நாம் எழுந்து போய்விட இயலாது. செம்மையாகக் கேட்கப்பெற்ற வினாவும் உண்டு. இந்திய மாந்த வளர்ச்சி ஆய்வு என்பதொன்று, 2011-12-இல் 42,152 குடும்பங்களைக் கண்டது. "உங்கள் வீட்டில் தீண்டாமை பார்ப்பதுண்டா?" என்று முதலிற் கேட்டனர். இல்லை என்றவரிடம், "தாழ்த்தப்பட்டவர் ஒருவர் உங்கள் அடுக்களைக்குள் வந்தால், உங்கள் ஏனங்களைப் புழங்கினால் தடையுண்டா?" என்று தொடர்ந்தனர். இவ் விரண்டையும் சேர்த்தபோதுதான் 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் அகப்பட்டன. முதல் வினாவோடு நின்றிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைக்காரரும் முதல் வினாவுக்கு 'இல்லை' என்றுதானே சொல்லியிருப்பார்!

இன்னொன்று சொல்லவே நாக் கூசுகின்றது. மனைவியைக் கணவன் அடிப்பது எந்த நிலையில் முறையாகும் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு கேட்கின்றது. 2019-21-இல் இந்தியப் பெண்டிருள் 45 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு கரணியத்திற்காக அஃது முறையே என்றனர். தமிழ்நாட்டில் அவ்வாறு சொன்ன பெண்டிர் அவ் விழுக்காட்டினும் மிகுதி. பெண்ணைத் தாயாகப் போற்றும் இனம் என்று மேடைதோறும் முழங்கும் நமக்கு இது கசக்கும். ஆய்வு பொய் என்று நம்மவர் ஒருவர் என்னிடம் சினந்தார். பெயர்ப்பிலே பிழை இருக்கலாம்; அவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பெயர்ப்பின்மேல் ஏற்றிவிட எனக்கு உள்ளம் ஒப்பவில்லை.

பியூ ஆய்விலே, தம் பிரிவுப் பெண்கள் சாதி கடந்து மணப்பதைத் தடுத்தல் மிக இன்றியமையாதது என்றோர் 64 விழுக்காடு. அது இந்தியா முழுமைக்குமான எண். நம் வட்டாரத்து எண் என்ன? 2016 மார்ச்சு 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டுண்டு வீழ்ந்தார். வெட்டியவர் சிலர். அவ் வெட்டைத் தம் நெஞ்சில் ஒப்பியவர் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண அஞ்சுகின்றோம் என்பதே என் கருத்து.

ஆகவே, நாமே ஒரு சிறு முயற்சி செய்வோம். பேரூர், கிணத்துக்கடவு, அன்னூர் ஆகிய மூன்று பக்கங்களிலும் பக்கத்திற்கு நூறு வீடு. வினாக்கள் தமிழிலேயே பிறக்கட்டும். நம் வட்டார வழக்கிலே முதலிற் பத்து வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்துவோம். ஊருக்கு வெளியே உள்ள சாளையும் வளவும் கட்டாயம் குலுக்கலில் சேர வேண்டும். பெண்டிரைக் கேட்கப் பெண்டிரே செல்ல வேண்டும். இதற்குப் பன்னிரண்டு மகளிராவது தேவை. இதுவரை நால்வரே பெயர் தந்துள்ளனர். வினாத்தாளின் முதற்படி வாயிலில் வைக்கப்பெற்றுள்ளது. எடுத்துச் சென்று, புரியாத சொல்லின் கீழ்க் கோடிட்டு வரும் ஞாயிற்றுக்குள் திருப்பித் தாருங்கள். விடை விரும்பியவாறு வரவில்லையென்றாலும் வந்தவாறே அச்சிடுவோம் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதனை இவ்வவை இன்றே ஏற்குமாறு வேண்டுகின்றேன்.